சித்திரை வெயிலில் பசுமைக்குடிலா?

பதிவு கொஞ்சம் நீளம். மத்தியான வெயிலில் வெளியே போகாமல் விசிறிக்குக் கீழே உட்கார்ந்து படியுங்கள்.

பங்குனி பிறந்ததிலிருந்து என்னிடம் ஐந்து பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "சார், மாடியில முதல் தடவையா பசுமைக்குடில் போடப் போறோம், கோடைக்கு என்ன வைக்கலாம்?" இரண்டு பேர் மஞ்சக்குப்பத்துக்காரர்கள். ஒருத்தி அண்ணாமலை நகரில் இருக்கிறாள். மற்ற இருவரும் வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு சிதம்பரத்தில் இருக்கும் அப்பா அம்மாவுக்காகக் கேட்கிறவர்கள். ஐந்து பேருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சலித்துவிட்டேன். இங்கே ஒரே தடவையாகச் சொல்லிவிடுகிறேன்: கடலூர், சிதம்பரம் பக்கம் சித்திரை மாதத்தில் பிளாஸ்டிக் போர்த்திய பசுமைக்குடிலுக்குள் வைக்கத் தகுந்த பொருள் ஒன்றுதான். அரிசி வடகம். நன்றாகக் காயும், காக்காயும் வராது.

கோபமாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். கோபம்தான். காரணம் இருக்கிறது.

சிதம்பரத்தில் என் சின்ன அக்கா இருக்கிறார். வயது 74. நாற்பது வருடமாகக் கொல்லையில் அவரைப் பந்தலும் முருங்கையும் பிச்சிக்கொடியும் வைத்து வளர்த்தவர். வீட்டை இடித்து மாடி கட்டியதில் கொல்லை போய்விட்டது. அமெரிக்காவில் இருக்கும் என் மருமகன் அம்மாவின் ஏக்கத்தைப் பார்த்துப் போன வருடம் ஒரு குடில் வாங்கி அனுப்பினான். இரும்புக் குழாய்ச் சட்டம், மேலே பிளாஸ்டிக் தாள், ஜிப் வைத்த கதவு. கூடவே விதைப் பொட்டலங்கள்: குடைமிளகாய், செர்ரி தக்காளி, லெட்யூஸ், சுக்கினி. பிள்ளை அனுப்பியதாயிற்றே என்று அக்கா இரண்டு மாதம் குடம் குடமாகத் தண்ணீர் தூக்கினார். கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில் அத்தனையும் வாடிச் சுருண்டுவிட்டன. நான் போய் வெப்பமானியை உள்ளே தொங்கவிட்டுப் பார்த்தேன். வெளியே நிழலில் 38 டிகிரி. உள்ளே 49.

அக்கா சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "எனக்குக் கைராசி போயிடுச்சுடா தம்பி. வயசாயிடுச்சுல்ல."

நாற்பது வருடக் கை அது. நூற்றுக்கணக்கான பேர் அந்தக் கை பறித்துக் கொடுத்த அவரைக்காயைத் தின்றிருக்கிறோம். ஒரு பிளாஸ்டிக் டப்பா அந்தக் கையின் மேலேயே அவருக்குச் சந்தேகத்தை உண்டாக்கிவிட்டது. இதேபோல் எத்தனை வீட்டு மாடிகளில் எத்தனை அம்மாக்கள் "நமக்கு வராது" என்று விட்டுவிட்டார்களோ தெரியாது. காலிப் பைகளும் துருப்பிடித்த சட்டமும் கிடக்கிற மாடிகளை நானே பார்க்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் நான் நடத்திய பாடம் ஞாபகம் இருக்கிறதா? வெயிலில் கண்ணாடியை ஏற்றிவிட்டு நிறுத்திய கார். அதுதான் பசுமைக்குடில். வெளிச்சம் உள்ளே வருகிறது, மண்ணும் செடியும் சூடாகின்றன, அவை காற்றைச் சூடாக்குகின்றன, அந்தச் சூடான காற்று மேலே ஏறி வெளியே போக வழியில்லாமல் மாட்டிக்கொள்கிறது. 1909லேயே ராபர்ட் வுட் என்ற இயற்பியலாளர் சோதித்துக் காட்டினார். வெப்பக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி மூடி போட்ட பெட்டியும், அதைத் தடுக்காமல் விட்டுவிடும் இந்துப்பு மூடி போட்ட பெட்டியும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குத்தான் சூடேறின. காற்றை அடைத்து வைப்பதுதான் அங்கே முக்கிய வேலை. அதனால் "எங்களுடையது கண்ணாடி இல்லை சார், பாலித்தீன்தான்" என்று யாரும் வர வேண்டாம். காற்று எதற்குள் அடைபட்டாலும் அடைபட்டதுதான்.

இது எந்த ஊருக்கான கருவி? குளிர் நாட்டுக்கானது. ஆரஞ்சு மரத்தைப் பனியில் சாகாமல் காப்பாற்ற ஐரோப்பிய அரண்மனைகளில் கட்டினார்கள். அதிலிருந்து வளர்ந்து வந்தது. இங்கிலாந்துத் தோட்டக்காரர்கள் மே மாதத்தில் தக்காளி, வெள்ளரி, குடைமிளகாயைக் குடிலுக்குள் வைக்கச் சொல்கிறார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி. வெளியே இரவில் இன்னும் குளிர் இருக்கும். அதே தோட்டக்காரர்கள் இன்னொன்றும் சொல்கிறார்கள்: குடிலுக்குள் 27 டிகிரி தாண்டினால் செடிக்கு ஆபத்து, கதவையும் கூரை ஜன்னலையும் திறந்துவிடு. பிள்ளைகளே, மே மாதம் கடலூரில் 27 டிகிரி என்பது விடியற்காலை நான்கு மணி. அவன் பயந்துபோய்க் கதவைத் திறக்கிற சூடு நமக்குப் போர்வை தேடுகிற குளிர்ச்சி. நம் ஊர் யூடியூப்காரர்கள் முதல் பாதியை மொழிபெயர்த்துப் போடுகிறார்கள், இரண்டாவது பாதியை விட்டுவிடுகிறார்கள்.

ஸ்பெயினில் அல்மேரியா என்ற பகுதி இருக்கிறது. வானத்திலிருந்து பார்த்தால் பனி கொட்டியது போல் வெள்ளையாகத் தெரியும். அத்தனையும் பிளாஸ்டிக் குடில்கள். ஐரோப்பா முழுக்கத் தக்காளி அனுப்புகிறவர்கள். கோடை வந்தால் அவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? கூரைக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். ஜூலை, ஆகஸ்டில் பலர் பயிரையே எடுத்துவிட்டு, சும்மா கிடக்கும் குடிலின் சூட்டை வைத்தே மண்ணில் உள்ள கிருமியைக் கொல்கிறார்கள். தொழிலாகச் செய்கிறவனே உச்சக் கோடையில் காலி செய்கிற இடத்தில் நாம் லெட்யூஸ் வைக்கிறோம். லெட்யூஸ் விதை மண் 30 டிகிரி தாண்டினாலே முளைக்கத் தயங்கும். குடைமிளகாய் பூவை உதிர்த்துவிடும். பகலில் 35ம் இரவில் 25ம் தாண்டினால் தக்காளியின் மகரந்தம் சரியாக வேலை செய்யாது, செடி பச்சையாக நிற்கும், காய் பிடிக்காது. ப்ரோக்கோலியும் ஸ்ட்ராபெரியும் குளிருக்குப் பிறந்தவை. இதில் கைராசி எங்கே வந்தது?

குவைத்தில் இருக்கும் ஒரு மாணவன் மடக்கினான்: "சார், இங்க பாலைவனத்திலேயே குடில்ல வெள்ளரி விளையுதே?" நல்ல கேள்வி. அங்கே ஒரு பக்கச் சுவரில் ஈர அட்டையும் எதிர்ச் சுவரில் பெரிய விசிறியும் வைத்து, ஈரத்தின் வழியே காற்றை இழுத்துக் குளிர்விக்கிறார்கள். மண்பானைத் தத்துவம். ஆனால் பானைத் தண்ணீர் எங்கே ஜில்லென்று இருக்கும்? வறண்ட காற்றில். 40 டிகிரியும் 20 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றை ஈர அட்டை 22 டிகிரி பக்கம் வரை கொண்டுபோக முடியும். நம் கடற்கரைக் காற்றில் 36 டிகிரியும் 65 சதவீத ஈரமும் இருக்கும் நாளில் என்ன செய்தாலும் 30க்குக் கீழே இறங்காது. கரண்ட் பில் மட்டும் ஏறும். தேவனாம்பட்டினத்துக் கடற்காற்றில் துவைத்த துணி காய்வதற்கே யோசிக்கிறது.

"அப்ப ஓசூர்ல எப்படி சார்?" இதுவும் வந்தது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். அங்கே ரோஜாவும் குடைமிளகாயும் குடிலில் நன்றாக வரும். நீலகிரியில் கார்னேஷன் வரும். நாம் இருப்பது கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்தில். ஒரே மாநிலம் என்பதால் ஒரே வானம் ஆகிவிடாது.

இங்கே ஒரு பக்கப் பேச்சு. குறிஞ்சிப்பாடிப் பக்கம் நிலம் வாங்கியிருக்கும் ஒரு தம்பி ஐடி வேலையை விட்டுவிட்டு மானியத்தில் பாலிஹவுஸ் போடப் போவதாகச் சொல்கிறான். தோட்டக்கலை வளர்ச்சிக்கான மத்திய அரசுத் திட்டத்தில் பாதி மானியம் என்பது உண்மை. 2014 நெறிமுறைப்படி 500 சதுர மீட்டர் வரையிலான இயற்கைக் காற்றோட்டக் குடிலுக்குச் சதுர மீட்டர் 1,060 ரூபாய் என்றும், குழாய்ச் சட்டத்தில் போடும் நிழல்வலைக் கூடத்துக்கு 710 ரூபாய் என்றும் கணக்கு வைத்து அதில் பாதி கொடுத்தார்கள். தம்பி, அந்த இரண்டு எண்ணையும் சேர்த்துப் பார். நிழல்வலைக்கும் மானியம் உண்டு, அதுவும் விலை குறைவு. மானியம் பாதிதான், மீதிப் பாதி உன்னுடையது. உன் மனைவியின் நகை என்று கேள்விப்பட்டேன். கையெழுத்துப் போடும் முன் மே மாதம் மத்தியானம் இரண்டு மணிக்கு நம் மாவட்டத்தில் யாருடைய பாலிஹவுஸுக்குள்ளாவது அரைமணி நேரம் நின்றுவிட்டு வா.

சரி, வேண்டாம் வேண்டாம் என்றால் வேறு என்ன?

நம்முடைய ஊர்ச் சிக்கல் குளிர் இல்லை, வெயில். சூட்டைப் பிடித்து வைக்கிற வீடு நமக்கு எதற்கு? நமக்கு வேண்டியது நிழலைக் கொடுத்துக் காற்றை விடுகிற பந்தல். இதை நம் ஆட்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். வெற்றிலைக் கொடிக்காலுக்குள் போயிருக்கிறீர்களா? வரிசையாக அகத்தி விதைத்து, அது வளர்ந்த பிறகு அதன் அடியில் கொடியை நட்டு ஏற்றிவிடுவார்கள். நடுவில் வாய்க்காலில் தண்ணீர் ஓடும். வெளியே அனல் வீசும்போது உள்ளே போனால் உடம்பு சிலிர்க்கும். நிழலும் அகத்திதான், கொடி ஏறும் கொம்பும் அகத்திதான், அமாவாசைக்குக் கீரையும் அதுதான். சோழவந்தான் வெற்றிலைக்கும் ஆத்தூர் வெற்றிலைக்கும் 2023ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். அந்த வெற்றிலையை வளர்த்த கொடிக்காலைத்தான் நான் நம் ஊர்ப் பசுமைக்குடில் என்பேன். சூட்டைப் பிடிக்காத குடில்.

மாடியில் கொடிக்கால் போட முடியாது. அதன் வேலையைப் பச்சை நிழல்வலை ஓரளவு செய்யும். கடையில் 35, 50, 75, 90 சதவீதம் என்று கேட்பார்கள். 50 வாங்குங்கள். 75க்கும் மேலே போனால் கார் நிறுத்தத்தான் லாயக்கு, செடி வெளிச்சத்தைத் தேடி நெட்டுக்குத்தாக நீண்டு விழும். புற ஊதாக் கதிரைத் தாங்கும் சரக்கா என்று கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் அடுத்த வருடமே நார் நாராக உதிர்ந்து அக்கம்பக்கத்து மாடிகளிலெல்லாம் கிடக்கும். உயரம் எட்டடிக்குக் குறையக் கூடாது, பத்தடி இன்னும் நல்லது. நான்கு பக்கமும் திறந்திருக்கட்டும். மேற்குப் பக்கம் மட்டும் பாதி வரை தொங்கவிடுங்கள், மூன்று மணி வெயில் அங்கிருந்துதான் பாயும். கீற்று கிடைத்தால் கீற்றுப் பந்தலே போதும்.

பைகளை நேரே தளத்தில் வைக்காதீர்கள். இரண்டு செங்கல் மேல் வையுங்கள். மாடித் தளம் மத்தியானத்தில் தோசைக்கல். தண்ணீர் காலை ஆறரைக்குள், அப்புறம் பொழுது சாய்ந்த பிறகு. பகலில் மேல்தொட்டித் தண்ணீரைத் திறந்து ஊற்றுவது வேருக்கு வெந்நீர் ஊற்றுவதுதான். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளுகிற தண்ணீரை "வீணாக்காமல்" செடிக்கு ஊற்றுகிற புண்ணியவான்கள் பலர் இருக்கிறார்கள். கடலோரப் போர்த் தண்ணீரே உப்பு. அதிலிருந்து நல்ல தண்ணீரைப் பிரித்தெடுத்துவிட்டு மிஞ்சிய உப்பைச் செடிக்குக் கொடுப்பது என்ன நியாயம்? அதைக் கழிப்பறைக்கு ஊற்றுங்கள். இலை நுனி கருகுவது பலருக்கு இதனால்தான்.

இப்போது என்ன வைப்பது என்ற கேள்விக்கு வருகிறேன்.

முதல் மரியாதை புதினாவுக்கு. சந்தையில் வாங்கிய கட்டில் முற்றின தண்டை நான்கு விரல் நீளத்துக்கு வெட்டி நிழலில் ஊன்றினால் போதும். அடுத்தது கொத்தமல்லி. கோடையில்தான் கடையில் அது யானை விலை, கிடைத்தாலும் வாடிக் கிடக்கும். தனியாவை லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து விதையுங்கள். வெட்டவெளியில் வைத்தால் சீக்கிரம் பூத்துவிடும். வலைக்கடியில் முப்பது, முப்பத்தைந்து நாளில் இளசாகப் பறிக்கலாம். மொத்தமாக விதைக்காதீர்கள், வாரம் ஒரு தொட்டி. பொன்னாங்கண்ணி, வல்லாரை, கொடிப்பசலை மூன்றும் ஈரமும் அரை நிழலும் இருந்தால் உங்களைக் கேட்காமலே வளரும். கொடிப்பசலைக்கு வெயிலும் பிடிக்கும், வலைக் கம்பத்திலேயே ஏற்றிவிடுங்கள். கற்பூரவல்லி ஒரு தொட்டி, பேரப்பிள்ளை சளிக்கு. கறிவேப்பிலைக் கன்றை முதல் கோடை மட்டும் நிழலில் வைத்துக் காப்பாற்றிவிட்டால் அப்புறம் அது உங்களைக் காப்பாற்றும்.

தண்டுக்கீரையும் சிறுகீரையும் வெயில் பிள்ளைகள். முளைத்து இரண்டு மூன்று இலை விடும்வரை நிழல் கொடுங்கள், பிறகு பந்தலின் கிழக்கு ஓரத்துக்கு நகர்த்திவிடுங்கள். சிறுகீரை இருபத்தைந்து நாளில் சட்டிக்கு வந்துவிடும். முதல் தடவை செய்கிறவருக்கு இதைவிட நல்ல ஆரம்பம் இல்லை. ஒரு மாதத்துக்குள் சொந்தக் கையால் பறித்ததைக் கடைந்து சாப்பிட்டவர் தோட்டத்தை விடவே மாட்டார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இஞ்சியும் மஞ்சளும். சித்திரைக் கடைசியிலோ வைகாசியிலோ முளை கட்டிய கிழங்கை அகலமான பையில் வைக்க வேண்டும். இரண்டுக்கும் அரை நிழல் ஆகும், இஞ்சிக்கு அது ரொம்பவே பிடிக்கும். முதல் மாதம் ஒன்றும் தெரியாது. பொறுமை வேண்டும். எட்டு ஒன்பது மாதம் ஓடினால் தை பிறக்கும். பொங்கல் பானையில் கட்டுகிற மஞ்சள் கொத்து உங்கள் மாடியிலிருந்தே வரும். தேரடியில் கொத்து என்ன விலை சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். அதைவிட, போகிக்கு வீட்டுக்கு வருகிற பிள்ளைகளுக்கு அம்மா வளர்த்ததைக் காட்டலாம்.

கத்தரி? சிதம்பரத்தில் இருந்துகொண்டு கொத்சுக்குக் கத்தரிக்காய் வைக்காமல் ப்ரோக்கோலி வைக்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை. ஆனால் கத்தரிக்கு முழு வெயில் வேண்டும், வலைக்கடியில் வைக்காதீர்கள். வலை அதற்கு நாற்றங்காலாக உதவும். ஆனி முதல் வாரம் குழித்தட்டில் தென்னை நார்க் கழிவு நிரப்பி விதை போட்டால் ஆடிப் பட்டத்துக்கு நாற்று தயார். மிளகாயை அதற்குப் பத்து நாள் முன்னாலேயே போடுங்கள். விதைக்கு எங்கோ ஆர்டர் போட வேண்டாம். கடலூருக்கும் பண்ருட்டிக்கும் நடுவே பாலூரில் காய்கறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பாலூர் 1, பாலூர் 2 என்று கத்தரி ரகங்களே அங்கிருந்து வந்தவை. புடலையிலும் அவர்கள் ரகம் உண்டு. நம் மண், நம் வெயில், நம் தண்ணீர் பார்த்துத் தேர்ந்தெடுத்த விதை பக்கத்தில் இருக்க, ஹாலந்துப் படம் போட்ட பொட்டலம் எதற்கு?

பூச்சி வலை போட்டு நான்கு பக்கமும் மூடியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளை ஈயை வெளியே நிறுத்துகிறோம் என்று தேனீயையும் நிறுத்திவிடுகிறீர்கள். புடலை, பாகல், சுரை, நாட்டு வெள்ளரி எல்லாவற்றிலும் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. யாராவது தூது போக வேண்டும். பாகலும் வெள்ளரியும் காலையில் பூக்கும். சுரையும் புடலையும் பொழுது சாய்ந்து பூக்கும், அந்திப்பூச்சி வந்து போகும். மூடி வைத்தால் பிஞ்சு மஞ்சளாகி உதிரும், நீங்கள் உரம் போதவில்லை என்று கொட்டுவீர்கள். கொடிகளை வெளியே பந்தலில் விடுங்கள். மூடிய இடத்துக்குள் எப்படியோ நுழைந்துவிட்ட சிலந்திப்பேனுக்கும் மாவுப்பூச்சிக்கும் அது சொர்க்கம். மழை கிடையாது, அவற்றைத் தின்னும் பொறிவண்டும் வர முடியாது.

பிளாஸ்டிக் கூரைக்கு நம் ஊரில் ஒரு வேலை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எழுத்து ஒருதலையாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கீரை விதை அடித்துக்கொண்டு போகும், நாற்று அழுகும். அப்போது மேலே மட்டும் தாள், பக்கமெல்லாம் திறப்பு என்று வைத்தால் பயன்தான். ஆனால் கழற்றி மடிக்கிற மாதிரி இருக்க வேண்டும். 2011 டிசம்பர் 30ஆம் தேதி விடியற்காலை தானே புயல் பண்ருட்டிப் பக்கம் பல்லாண்டுப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது நினைவிருக்கும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தது. மாடியில் நிரந்தரமாகப் பூட்டிய தாளும் குழாயும் அந்தக் காற்றில் பக்கத்து வீட்டுக்காரர் தலைக்கு ஆயுதம்.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அம்மாவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற உங்கள் மனதை நான் குறை சொல்லவில்லை. அந்தக் குடில் காசில் பாதி போதும். உள்ளூர் வெல்டிங் பட்டறையில் நான்கு கம்பமும், நல்ல வலையும், மாடிக்கு ஒரு தண்ணீர்க் குழாயும் போட்டுக் கொடுங்கள். குழாய் முக்கியம். 74 வயதில் குடம் தூக்கி மாடி ஏறக் கூடாது. தோட்டக்கலைத் துறை மானிய விலையில் கொடுக்கும் மாடித்தோட்டத் தளையில் என்ன இருக்கிறது? வளர்ப்புப் பை, தென்னை நார்க் கட்டி, விதை. குடில் இல்லையே. அவர்களுக்குத் தெரியாதா? அப்புறம் வாரத்தில் ஒரு நாள் வீடியோவில் கூப்பிட்டு என்ன முளைத்தது என்று கேளுங்கள். என்ன வைக்க வேண்டும் என்று மட்டும் சொல்லாதீர்கள். அது அவர்களுக்குத் தெரியும்.

அக்கா வீட்டுக் குடிலின் தாளைப் போன ஆவணியில் கழற்றிவிட்டோம். சட்டம் உறுதியானதுதான், அதன் மேலேயே 50 சதவீத வலையைக் கட்டியிருக்கிறோம். இப்போது புதினா பரவிக் கிடக்கிறது. அகத்தி விதை நான்கு ஊன்ற வேண்டும் என்கிறார், கீழே மதிலோரம். மழை தொடங்கியதும் ஒரு வெற்றிலைக் கொடி வைக்கத் திட்டம்.

பொன்னாங்கண்ணித் தண்டும் கற்பூரவல்லிக் கிளையும் என்னிடம் நிறைய இருக்கின்றன. மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் பக்கம் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளலாம். காலை எட்டு மணிக்குள் வாருங்கள். பிளாஸ்டிக் பை கொண்டு வராதீர்கள், ஈரத் துணியில் சுற்றித் தருகிறேன்.